பொழுதுபோக்கு ஆர்ம் மைக்ரோகன்ட்ரோலர் வேலைகளுக்கு போர்டும் டீபக்கரும் மென்பொருளும் தேர்ந்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்ம் சிப்பில் இறங்க நினைக்கும் பலரும் "எந்த போர்டு வாங்கலாம்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். மெகாஹெர்ட்ஸையும் கிலோபைட்டையும் ஒப்பிட்டே வாரக்கணக்கில் நாள் போய்விடும். நான் முதலில் வேறொன்றைக் கேட்பேன். நிரல் பாதி வழியில் நின்றுபோனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க உங்களிடம் என்ன இருக்கிறது? (அதற்கான கருவிதான் டீபக்கர்.) இதற்கு விடை கிடைத்துவிட்டால் போர்டைத் தேர்ந்தெடுப்பது சுலபம். கீழே உள்ள பதில்களை அந்த நோக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

ஆர்ம் மைக்ரோகன்ட்ரோலர் என்று எதைச் சொல்கிறோம்?

ஆர்ம் நிறுவனம் கோரை, அதாவது கட்டளைகளை ஓட்டும் பகுதியை, மட்டும் வடிவமைத்து உரிமம் தருகிறது. அந்தக் கோரைச் சுற்றி ஃபிளாஷ் (நிரல் தங்கும் நினைவகம்), ரேம், டைமர், யூஎஸ்பி எல்லாம் சேர்த்து சிப்பாக்கி விற்பவர்கள் எஸ்டி மைக்ரோ, என்எக்ஸ்பி, நார்டிக், மைக்ரோசிப், ரெனசாஸ், ராஸ்பெர்ரி பை போன்றவர்கள். மைக்ரோகன்ட்ரோலர்களில் வருவது கார்டெக்ஸ்-எம் வரிசை. அதன் முதல் கோரான கார்டெக்ஸ்-எம்3 2004இல் அறிவிக்கப்பட்டது. இப்படிப் பிரிந்திருப்பதில் நமக்கு ஒரு லாபம் உண்டு. இன்டரப்ட் கன்ட்ரோலர், சிஸ்டிக் டைமர், டீபக் இணைப்பு ஆகியவை கோரோடு சேர்ந்தே வருவதால், எந்த நிறுவனத்தின் சிப்பானாலும் இவை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு சிப்பில் டீபக் செய்யப் பழகினால் அந்தப் பழக்கம் அடுத்த சிப்பிலும் கைகொடுக்கும்.

இஎஸ்பி32 இந்தக் குடும்பத்தில் சேராது. அதன் மாடல்களைப் பொறுத்து உள்ளே இருப்பது எக்ஸ்டென்சா அல்லது ரிஸ்க்-வி கோர். நல்ல சிப்தான், ஆனால் இங்கே சொல்லும் டீபக்கர் விவரங்கள் அதற்குப் பொருந்தாது.

8 பிட் அர்டுயினோவே போதுமானதாக இருக்கிறதே, எதற்கு மாற வேண்டும்?

போதுமானதாக இருந்தால் மாற வேண்டாம். ஒரு ரிலேயும் இரண்டு சென்சாரும் மட்டும் என்றால் ஏடிமெகா328பி தாராளமாகப் போதும். அதில் ரேம் 2 கிலோபைட், ஃபிளாஷ் 32 கிலோபைட். திரைக்குப் படம் அனுப்புவது, ஆடியோ, யூஎஸ்பி கீபோர்டு என்று போகும்போதுதான் இடம் பத்தாமல் போகும். இடத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சாதாரண ஊனோ போர்டில் நிரலை ஒரு வரியில் நிறுத்தி மாறிகளைப் பார்க்கும் பழக்கமே பெரும்பாலும் வருவதில்லை. ஆர்மில் மலிவான போர்டில்கூட இரண்டே கம்பியில் அது நடக்கும்.

எம்0+, எம்3, எம்4, எம்7, எம்33 என்று இத்தனை இருக்கிறதே, எது எனக்கு?

எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். எம்0+ சின்னது, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும். ஆனால் வகுத்தலுக்குத் தனி ஹார்டுவேர் கட்டளை அதில் இல்லை. நான்கால் வகுபடாத முகவரியிலிருந்து 32 பிட் எண்ணைப் படிக்கப் போனால் நேராக ஹார்டு ஃபால்ட்தான் (நிரலைத் தொடரவிடாத பிழை). நெட்வொர்க் பாக்கெட்டையோ கோப்பின் தலைப்பையோ ஸ்ட்ரக்ட் பாயின்டரால் நேரடியாகப் படிக்கும் நிரல் எம்4இல் சத்தமில்லாமல் ஓடும், எம்0+இல் விழும்.

எம்3, எம்0+க்கும் எம்4க்கும் நடுவில். எம்4இல் சிக்னல் பிராசசிங் கட்டளைகள் வருகின்றன, பெரும்பாலான எம்4 சிப்களில் சிங்கிள் பிரிசிஷன் தசமக் கணக்குக்குத் தனி யூனிட்டும் உண்டு. அந்த யூனிட் உண்மையிலேயே வேலை செய்ய வேண்டுமானால் நிரலில் 3.14 என்று வெறுமனே எழுதக் கூடாது, பின்னால் எஃப் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் கம்பைலர் அதை டபுளாக (இரட்டைத் துல்லிய எண்ணாக) எடுத்துக்கொண்டு மொத்தக் கணக்கையும் மென்பொருளிலேயே செய்யும். எம்33 புதிய தலைமுறை. எம்4இன் வசதிகளோடு டிரஸ்ட்ஸோன் என்ற பாதுகாப்புப் பிரிவும் அதில் இருக்கலாம். வீட்டு வேலைக்கு அதைத் தொடாமல் விட்டுவிடலாம்.

எம்7 வேகமானது. டீன்சி 4.0இல் இருக்கும் ஐ.எம்எக்ஸ் ஆர்டி1062 600 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஆனால் அந்த அளவு சிப்களில் கேஷ் (வேகத்துக்கான இடைநினைவகம்) இருக்கும். டிஎம்ஏ (கோரின் உதவியில்லாமல் டேட்டாவை நகர்த்தும் பகுதி) ரேமில் எழுதிய டேட்டா கேஷில் பழையதாகவே தெரியும் சிக்கலைத் தொடக்கத்திலேயே சந்திக்க வேண்டாம் என்பது என் கருத்து. முதல் சிப் எம்0+, எம்4 அல்லது எம்33 ஆக இருக்கட்டும்.

சரி, முதல் போர்டாக எதை வாங்குவது?

நான் மூன்றைச் சொல்வேன், அதுவும் காரணத்தோடு.

முதலாவது, எஸ்டி நிறுவனத்தின் நியூக்ளியோ-64 போர்டு. எம்4 சிப் உள்ள மாடல் எதுவானாலும் சரி. காரணம், எஸ்டி-லிங்க் டீபக்கர் போர்டிலேயே இருக்கிறது. யூஎஸ்பி கேபிளைச் செருகினால் மின்சாரம், நிரல் ஏற்றம், டீபக், சீரியல் போர்ட் நான்கும் அந்த ஒரே கேபிளில் வந்துவிடும். தனியாக எதையும் இணைக்கத் தேவையில்லை என்பதால், நிரலில் தப்பா கம்பியில் தப்பா என்ற குழப்பம் பாதியாகக் குறையும். பழைய நியூக்ளியோ-64 போர்டுகளில் சிஎன்2 என்று அச்சிட்ட இரண்டு ஜம்பர்களைக் கழற்றிவிட்டால், அதே டீபக்கரால் வெளியே இருக்கும் வேறொரு எஸ்டிஎம்32 (எஸ்டியின் ஆர்ம் வரிசை) சிப்பையும் டீபக் செய்யலாம். ஒரு போர்டு வாங்கினால் டீபக்கரும் கையில் இருக்கும்.

இரண்டாவது, ராஸ்பெர்ரி பை பிக்கோ. 2021 ஜனவரியில் வந்தது. உள்ளே ஆர்பி2040 சிப், இரண்டு எம்0+ கோர், 133 மெகாஹெர்ட்ஸ், 264 கிலோபைட் ரேம். ஃபிளாஷ் சிப்புக்கு வெளியே 2 மெகாபைட். பட்டனை அழுத்திக்கொண்டு யூஎஸ்பியில் செருகினால் பென்டிரைவ் போலத் திறக்கும், யூஎஃப்2 கோப்பை இழுத்துப் போட்டால் நிரல் ஏறிவிடும். இதன் சிறப்பு பிஐஓ என்ற குட்டி இயந்திரங்கள். வழக்கமான சிப்பில் இல்லாத ஒரு இணைப்பு முறையை, விஜிஏ சிக்னலையோ எல்இடி பட்டைக்கான துல்லியமான பல்ஸ்களையோ, சில வரிக் கட்டளைகளில் நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம். 2024 ஆகஸ்டில் வந்த பிக்கோ 2இல் ஆர்பி2350 சிப், 520 கிலோபைட் ரேம், எம்33 கோர்கள். பிக்கோ வாங்குவதானால் இரண்டாக வாங்குங்கள், ஏன் என்று டீபக்கர் கேள்வியில் சொல்கிறேன். வைஃபை உள்ள பிக்கோ டபிள்யூவில் போர்டு எல்இடி வயர்லெஸ் சிப்பின் பின்னில் இருக்கிறது. சாதாரண பிக்கோவுக்கு எழுதிய பிளிங்க் நிரலை அதில் ஏற்றினால் எதுவும் எரியாது. அதைப் பார்த்து போர்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

மூன்றாவது, ப்ளூடூத் வேண்டும் என்பவர்களுக்கு நார்டிக்கின் என்ஆர்எஃப்52 வரிசை. என்ஆர்எஃப்52840இல் 1 மெகாபைட் ஃபிளாஷ், 256 கிலோபைட் ரேம், யூஎஸ்பி எல்லாம் உண்டு. பிபிசி மைக்ரோபிட்டின் இரண்டாம் பதிப்பில் இருப்பது இதன் தம்பி என்ஆர்எஃப்52833. பள்ளிப் பிள்ளைகளுக்கான போர்டு என்று பலர் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் போர்டிலேயே டாப்லிங்க் டீபக்கர், முடுக்கமானி, மைக், ஸ்பீக்கர் எல்லாம் இருக்கின்றன. சி மொழியில் நேரடியாக எழுதிப் பழகவும் அருமையான போர்டு.

டீன்சி 4 வரிசையைப் பற்றியும் கேட்பார்கள். ஆடியோ வேலைக்கு அதன் லைப்ரரி மிக நன்றாக இருக்கிறது. ஆனால் டீபக் பின்கள் வெளியே எடுக்கப்படவில்லை. எனக்கு அதுதான் பெரிய குறை, அதனால் முதல் போர்டாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

மலிவான ப்ளூ பில் போர்டு வாங்கலாமா?

எஸ்டிஎம்32எஃப்103சி8 சிப் உள்ள நீலநிறச் சின்ன போர்டைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். எம்3 கோர், 72 மெகாஹெர்ட்ஸ், 64 கிலோபைட் ஃபிளாஷ், 20 கிலோபைட் ரேம். ஒரு காலத்தில் சிறந்த தொடக்கம்தான். இப்போது தொடங்குபவருக்கு நான் சொல்ல மாட்டேன். பல போர்டுகளில் இருப்பது எஸ்டி தயாரித்த சிப் அல்ல. ஒத்த வடிவில் வேறு நிறுவனங்கள் செய்த சிப்கள் அதில் இருக்கின்றன, சிலவற்றில் மேலே எஸ்டியின் பெயரே அச்சாகியிருக்கும். அவற்றில் பல நன்றாகவே ஓடும். ஆனால் எஸ்டியின் மென்பொருளான எஸ்டிஎம்32கியூப்ஐடிஇ, இது அசல் சிப்பா என்று சோதித்துவிட்டு டீபக் செய்ய மறுக்கலாம். தப்பு தன்னுடையதா சிப்பினுடையதா என்றே தெரியாமல் ஒரு புதியவர் திண்டாடுவது வேண்டாத வேலை. பல பிரதிகளில் யூஎஸ்பி கோட்டில் 1.5 கிலோ ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டிருப்பார்கள். சில கணினிகளில் அது யூஎஸ்பியாகத் தெரியும், சிலவற்றில் தெரியாது.

அதே அளவில் வேண்டுமானால் பிளாக் பில் பரவாயில்லை. எஸ்டிஎம்32எஃப்411 சிப், எம்4, 100 மெகாஹெர்ட்ஸ், 512 கிலோபைட் ஃபிளாஷ், 128 கிலோபைட் ரேம். யூஎஸ்பி வழியாகவே நிரல் ஏற்றும் பூட்லோடர் சிப்பிலேயே இருக்கிறது. ஒன்றில் மட்டும் கவனம் தேவை. பெரும்பாலான பிளாக் பில்லில் கிரிஸ்டல் 25 மெகாஹெர்ட்ஸ், நியூக்ளியோவில் 8. அங்கிருந்து கடிகார அமைப்பை அப்படியே நகலெடுத்தால் சீரியல் திரையில் வெறும் குப்பை எழுத்துதான் வரும்.

டீபக்கர் அவசியம்தானா? பிரின்ட் போட்டுப் பார்த்தால் போதாதா?

பல இடங்களில் பிரின்ட் போதும், நானும் போடுகிறேன். ஆனால் ஆர்மில் வரும் மோசமான பிழைகளில் பிரின்ட் கடைசி வரியோடு நின்றுவிடும், அதற்கு அப்புறம் ஒரு தகவலும் இருக்காது. டீபக்கரில் என்ன செய்யலாம் என்பதை ஒரு உதாரணத்தோடு காட்டுகிறேன்.

சென்சாரைப் படித்து மெமரி கார்டில் எழுதும் ஒரு நிரல் பத்து நிமிடம் ஓடுகிறது, பிறகு உறைந்துவிடுகிறது. ரீசெட் செய்யாதீர்கள், செய்தால் ஆதாரம் போய்விடும். ஓடுகிற நிலையிலேயே டீபக்கரை இணைத்து நிறுத்துங்கள். ஹார்டு ஃபால்ட் ஹேண்ட்லரின் முடிவில்லாச் சுற்றில் அது நிற்பது தெரியும். ஃபால்ட் வந்த நொடியில் கோர் தானாகவே எட்டு ரெஜிஸ்டர்களை (கோருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) ஸ்டேக் நினைவகத்தில் வைத்திருக்கும்: ஆர்0 முதல் ஆர்3 வரை, ஆர்12, எல்ஆர் (திரும்ப வேண்டிய முகவரி), பிசி (ஓடிய கட்டளையின் முகவரி), நிலை ரெஜிஸ்டர். ஏழாவதாக இருக்கும் பிசியின் மதிப்பை எடுத்து இது எந்த வரி என்று ஜிடிபி என்ற டீபக் மென்பொருளிடம் கேட்டால், கோப்பின் பெயரும் வரி எண்ணும் வந்துவிடும். எல்ஆரைக் கேட்டால் அந்த ஃபங்ஷனை அழைத்தது யார் என்றும் தெரியும்.

எம்3, எம்4, எம்7, எம்33 கோர்களில் சிஎஃப்எஸ்ஆர் என்ற ரெஜிஸ்டர் காரணத்தையும் சொல்லும். இல்லாத முகவரியைத் தொட்டதா, தவறான ஃபங்ஷன் பாயின்டர் வழியாகத் தாவியதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட் உண்டு. முகவரிப் பிழையானால் பிஎஃப்ஏஆர் ரெஜிஸ்டரில் அந்த முகவரியே இருக்கும். சில சமயம் "துல்லியமற்ற" பிழை என்று ஒரு பிட் எழும். எழுதும் வேலை பஃபரில் தாமதமாகிப் பிழை பின்னால் வந்திருக்கிறது, பிசி காட்டும் வரி குற்றவாளி அல்ல என்று அதற்குப் பொருள். எம்3, எம்4இல் அந்த எழுதும் பஃபரை ஒரு பிட்டால் அணைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டால் சரியான வரியிலேயே நிற்கும். எம்0+இல் இந்த விளக்க ரெஜிஸ்டர்கள் இல்லை, ஸ்டேக்கில் இருக்கும் பிசிதான் துணை.

இன்னொன்று வாட்ச்பாயின்ட். ஒரு மாறியின் மதிப்பு யாரும் தொடாமலே மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து அரே எல்லை தாண்டி எழுதுவதுதான் வழக்கமான காரணம். அந்த மாறியின் முகவரியில் வாட்ச்பாயின்ட் வைத்தால், யார் எழுதினாலும் அடுத்த கணமே நிரல் நிற்கும். பிரின்டால் ஒரு நாள் முழுக்கத் தேடுவதை இது நிமிடங்களில் காட்டிக்கொடுக்கும். எம்3, எம்4இல் இப்படி நான்கு வைக்கலாம், ஹார்டுவேர் பிரேக்பாயின்ட் (நிரலை ஒரு வரியில் நிறுத்தும் குறி) ஆறு. ஆர்பி2040இல் கோருக்கு வாட்ச்பாயின்ட் இரண்டு, பிரேக்பாயின்ட் நான்கு.

எந்த டீபக்கரை வாங்குவது?

நியூக்ளியோ வாங்கியவர் எதுவும் வாங்க வேண்டாம். மைக்ரோபிட்டுக்கும் அப்படியே.

பிக்கோ வைத்திருப்பவர் இரண்டாவது பிக்கோவில் டீபக்ப்ரோப் ஃபர்ம்வேரை ஏற்றினால் அதுவே டீபக்கராகிவிடும். டீபக்கர் பிக்கோவின் ஜிபி2 பின் கடிகாரம், ஜிபி3 டேட்டா. இவற்றோடு ஒரு கிரவுண்டு. சீரியல் இணைப்பும் அதிலேயே கிடைக்கும். இது சிஎம்சிஸ்-டாப் என்ற பொது முறையில் பேசுவதால் பிக்கோவை மட்டுமல்ல, மற்ற கார்டெக்ஸ்-எம் சிப்களையும் டீபக் செய்யும். இதையே பெட்டிக்குள் வைத்து ராஸ்பெர்ரி பை டீபக் ப்ரோப் என்று தனியாகவும் விற்கிறார்கள். பொழுதுபோக்குக்கு இதைவிடச் சிக்கனமான வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பல நிறுவனச் சிப்களில் புழங்குபவருக்கு செக்கரின் ஜே-லிங்க் எடு நல்ல தேர்வு. வேகமானது, ஆதரிக்கும் சிப்களின் பட்டியல் மிக நீளம். ஆனால் வணிக நோக்கமில்லாத வேலைக்கு மட்டுமே உரிமம், செய்ததை விற்கும் எண்ணம் இருந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது. பிளாக் மேஜிக் ப்ரோபில் ஜிடிபி சர்வர் டீபக்கருக்குள்ளேயே இருக்கிறது. இடையில் ஓபன்ஓசிடி போன்ற மென்பொருள் தேவையில்லை, கமாண்ட் லைனில் வேலை செய்பவர்களுக்குப் பிடிக்கும்.

யூஎஸ்பி குச்சி வடிவில் வரும் எஸ்டி-லிங்க் வி2 நகல்களும் வேலை செய்யும். பின் வரிசை ஒன்றுக்கொன்று மாறுபடலாம், உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்தே இணைக்க வேண்டும். அவற்றில் 3.3 வோல்ட் பின் மின்சாரத்தை வெளியே தரும் பின். போர்டுக்கு வேறு இடத்திலிருந்து மின்சாரம் வருகிறது என்றால் அந்தக் கம்பியை இணைக்காதீர்கள்.

ஜேடேக், எஸ்டபிள்யூடி: இரண்டில் எது?

இரண்டும் டீபக்கரைச் சிப்போடு இணைக்கும் முறைகள். நான் சொல்வது எஸ்டபிள்யூடி. டேட்டா, கடிகாரம் என்று இரண்டு கம்பி, கூடவே கிரவுண்டு. ரீசெட்டையும் சேர்த்து இணைத்துவிடுங்கள், சிப் அடம்பிடிக்கும் நாளில் அது தேவைப்படும். எம்3, எம்4இல் எஸ்டபிள்யூஓ என்ற இன்னொரு கம்பி வழியாக, நிரலின் வேகம் அதிகம் குறையாமல் செய்தி அனுப்பலாம். எம்0+இல் அது கிடையாது. அங்கே செக்கர் ஆர்டிடி கைகொடுக்கும். நிரல் செய்தியை ரேமில் எழுதும், டீபக்கர் அங்கிருந்து படித்துக்கொள்ளும்.

டீபக்கர் "சிப்பைக் காணோம்" என்கிறது. என்ன செய்வது?

முதலில் கிரவுண்டு கம்பியைப் பாருங்கள். அடுத்து மல்டிமீட்டரில் சிப்பின் மின்னழுத்தம் 3.3 வோல்ட்டா என்று பாருங்கள். அப்புறம் டேட்டாவும் கடிகாரமும் இடம் மாறியிருக்கின்றனவா என்று. ஜம்பர் ஒயர் நீளமாக இருந்தால் டீபக் வேகத்தைக் குறையுங்கள், 100 கிலோஹெர்ட்ஸில் பேசினால் சிக்கல் கம்பியில்தான் என்பது உறுதி. லினக்ஸில் யூடெவ் விதியும் (சாதனத்துக்கான அனுமதி) விண்டோஸில் டிரைவரும் சரியாக இல்லாவிட்டால் டீபக்கரே கண்ணுக்குத் தெரியாது. யூஎஸ்பி கேபிள் சார்ஜ் மட்டும் செய்யும் வகையாக இருப்பதும் அடிக்கடி நடக்கிறது.

எல்லாம் சரி, ஆனால் முதல் முறை நிரல் ஏறியது, இரண்டாம் முறை ஏறவில்லை என்றால் அது வேறு கதை. எஸ்டியின் அமைப்புக் கருவியான எஸ்டிஎம்32கியூப்எம்எக்ஸில் டீபக் அமைப்பை இயக்காமல் விட்டு நிரலை உருவாக்கியிருப்பீர்கள். சில வரிசைகளில் அந்த நிரல் ஓட ஆரம்பித்ததும் எஸ்டபிள்யூடி பின்களை அணைத்துவிடும். ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும் நிரலாலும் இதே தொல்லை வரும். சிப் கெடவில்லை. ரீசெட் கம்பியை இணைத்து, ரீசெட்டில் பிடித்தபடியே இணையும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். அது இல்லாவிட்டால் பூட்0 பின்னை மேலே (3.3 வோல்ட்டுக்கு) இழுத்து ரீசெட் செய்யுங்கள். உங்கள் நிரலுக்குப் பதில் பூட்லோடர் ஓடும், அந்த நேரத்தில் அழித்துவிடலாம்.

எந்த ஐடிஇ, எந்த கம்பைலர்?

கம்பைலர் ஜிசிசி. ஆர்முக்கான பதிப்பு இலவசம், அளவு வரம்பு எதுவும் இல்லை. கெய்ல், ஐஏஆர் இரண்டும் தொழில்துறையில் மதிப்பு பெற்றவை, ஆனால் பொழுதுபோக்குக்கு அவற்றின் உரிம நிபந்தனைகளோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

எஸ்டி சிப்புக்கு எஸ்டிஎம்32கியூப்ஐடிஇ. எக்லிப்ஸ் அடிப்படை என்பதால் கொஞ்சம் கனம்தான், ஆனாலும் நிறுவியவுடன் டீபக் வேலை செய்கிறது. தொடங்குபவருக்கு அது பெரிய உதவி. பல நிறுவனச் சிப்களைத் தொட விரும்பினால் விஎஸ் கோடும் அதில் கார்டெக்ஸ்-டீபக் நீட்சியும் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாட்ஃபார்ம்ஐஓ வசதியானது, ஆனால் உள்ளே என்ன கம்பைல் ஆகிறது என்பதை அது மறைத்துவிடுகிறது. லிங்கர் ஸ்கிரிப்டை (நிரலின் எந்தப் பகுதி எந்த முகவரியில் என்று சொல்லும் கோப்பை) மாற்ற வேண்டிய நாளில் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டிவரும். ஒரு முறையாவது கையால் மேக்ஃபைல் எழுதி, லிங்கர் ஸ்கிரிப்டைப் படித்து, எல்இடி எரியவைத்துப் பாருங்கள். ஃபிளாஷில் எது, ரேமில் எது, மெயின் தொடங்கும் முன் என்ன நடக்கிறது என்று புரிந்துவிடும்.

ஆர்மின் எம்பெட் என்ற மென்பொருள் தளத்தில் புதிதாகத் தொடங்க வேண்டாம். 2026 ஜூலையோடு ஆதரவு முடியும் என்று ஆர்மே அறிவித்துவிட்டது.

ஹால் லைப்ரரியா, ரெஜிஸ்டரா, மைக்ரோபைத்தானா?

யோசனையைச் சீக்கிரம் சோதித்துப் பார்க்க மைக்ரோபைத்தான் அருமை. சென்சார் பேசுகிறதா என்று பத்து வரியில் தெரிந்துவிடும். பிறகு சி-யில் எழுதும்போது வயரிங் சரி என்ற நிம்மதி இருக்கும்.

சி-யில் எழுதும்போது ஹாலில் (சிப் நிறுவனம் தரும் தயார் ஃபங்ஷன் தொகுப்பில்) தொடங்குங்கள், ஆனால் ஒரு ஜிபிஐஓவையும் (பொதுப் பின்) ஒரு டைமரையும் ஹால் இல்லாமல் ரெஜிஸ்டர் வழியாக ஓட்டிப் பழகிவிடுங்கள். அப்படிச் செய்யும்போது எல்லாரும் இடறும் இடம் கடிகாரம். எஸ்டிஎம்32இல் ஒரு பெரிஃபெரலுக்கு (டைமர், சீரியல் போன்ற உள்பகுதிக்கு) கடிகாரத்தை இயக்காமல் அதில் எழுதினால் எந்தப் பிழையும் வராது, எழுதியது காற்றோடு போய்விடும், படித்தால் சுழியம் வரும். என்எக்ஸ்பியின் கைனெடிஸ் வரிசையில் அதே தப்புக்கு உடனே ஃபால்ட் வரும். டீபக்கரின் ரெஜிஸ்டர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக ஓட்டினால், எழுதிய பிட் ஏறவில்லை என்பது கண்முன்னே தெரியும்.

ஆர்டிஓஎஸ் வேண்டுமா?

ஆர்டிஓஎஸ் என்பது பல வேலைகளை நேரம் பிரித்து ஓட்டும் சின்ன இயங்குதளம். முதல் சில வேலைகளுக்கு வேண்டாம். ஒரு முதன்மைச் சுற்றும் இன்டரப்டும் வெகுதூரம் கொண்டுபோகும். ப்ளூடூத், நெட்வொர்க், திரை மூன்றும் சேரும்போது ஃப்ரீஆர்டிஓஎஸ் எடுத்துக்கொள்ளலாம். நார்டிக் சிப்பானால் அவர்களுடைய இன்றைய மென்பொருள் தொகுப்பே (எஸ்டிகே) செஃபைர் என்ற ஆர்டிஓஎஸ் மீது கட்டப்பட்டது, அங்கே தேர்வு பெரும்பாலும் நம் கையில் இல்லை.

எந்த ஆவணங்களைப் படிக்க வேண்டும்?

மூன்றைக் கீழிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்களும் மின் வரம்புகளும் டேட்டாஷீட்டில். ரெஜிஸ்டர்கள் ரெஃபரன்ஸ் மேனுவலில், எஃப்103 வரிசைக்கு அது ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். அத்தனையும் படிக்கத் தேவையில்லை, பயன்படுத்தும் பெரிஃபெரலின் அத்தியாயம் மட்டும் போதும். ஆர்பி2040க்கு எல்லாம் ஒரே கோப்பில், தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

மூன்றாவது எர்ராட்டா, சிப்பிலேயே இருக்கும் பிழைகளின் பட்டியல். இதைத்தான் யாரும் படிப்பதில்லை. எஃப்103இன் ஐ2சி (சென்சார்களோடு பேசும் இரு கம்பி இணைப்பு) சில நிலைகளில் கம்பி காலியாக இருந்தும் வேலையில் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும், அதை விடுவிக்கும் வழி எர்ராட்டாவில் படிப்படியாக இருக்கிறது. ஆர்பி2350இன் முதலில் வந்த பதிப்பில் உள்ளிருக்கும் புல்-டவுன் (பின்னைக் கீழே இழுக்கும் ரெசிஸ்டர்) சரியாக வேலை செய்யாமல் பின் 2 வோல்ட்டுக்குச் சற்று மேலே சிக்கிக்கொள்ளும். வெளியே 8.2 கிலோ ஓம் அல்லது அதற்கும் குறைந்த ரெசிஸ்டர் வைக்கச் சொன்னார்கள், பின்னால் வந்த பதிப்பில் திருத்திவிட்டார்கள். டேட்டாஷீட்படி எல்லாம் செய்தும் நடக்கவில்லை என்றால், உங்கள் நிரலைத் திட்டும் முன் எர்ராட்டாவைத் திறங்கள்.

5 வோல்ட் சென்சாரை நேராக இணைக்கலாமா?

ஆர்பி2040இல் கூடாது. எஸ்டிஎம்32இல் பின்னைப் பொறுத்தது. டேட்டாஷீட்டின் பின் அட்டவணையில் எஃப்டி என்று குறித்த பின்கள் 5 வோல்ட் தாங்கும். எஃப்103இல் பிஏ0 முதல் பிஏ7 வரை அந்தக் குறி இல்லை, அனலாக் உள்ளீடுகள் பல அங்கேதான் இருக்கின்றன. எல்லாமே 5 வோல்ட்டில் வேண்டும் என்றால் அர்டுயினோ ஊனோ ஆர்4 ஒரு வழி. ரெனசாஸின் எம்4 சிப், 5 வோல்ட்டிலேயே ஓடும். மற்றபடி லெவல் ஷிஃப்டர் (மின்னழுத்த அளவை மாற்றிக்கொடுப்பது) வைத்துவிடுங்கள்.

வேறு என்ன கருவிகள் தேவை?

மல்டிமீட்டர் கட்டாயம். அதற்கு அடுத்து நான் ஆஸிலோஸ்கோப்பைச் சொல்ல மாட்டேன், லாஜிக் அனலைசரைத்தான் சொல்வேன். சைப்ரஸ் எஃப்எக்ஸ்2 சிப் வைத்த எட்டு சேனல், 24 மெகாஹெர்ட்ஸ் பெட்டிகள் பல்ஸ்வியூ என்ற இலவச மென்பொருளில் நன்றாக வேலை செய்கின்றன. ஐ2சி கோட்டில் அதை இணைத்தால் அனுப்பிய முகவரி, சென்சார் ஒப்புக்கொண்டதா இல்லையா, எல்லாம் எழுத்தாகவே திரையில் வரும். சென்சார் பதில் தரவில்லை என்ற புகாரில், முகவரியை ஒரு பிட் இடப்பக்கம் நகர்த்த மறந்தது அங்கேதான் தெரியும். எஸ்டி ஹால் நகர்த்திய முகவரியைக் கேட்கும், அர்டுயினோவின் ஒயர் லைப்ரரி நகர்த்தாததைக் கேட்கும். 24 மெகாஹெர்ட்ஸ் சாம்பிளிங்கில் வேகமான எஸ்பிஐ இணைப்பை நம்பிப் பார்க்க முடியாது, சோதிக்கும்போது எஸ்பிஐயை 4 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள்.

பேட்டரியில் மாதக்கணக்கில் ஓட வேண்டும். சிப் உறங்கினால் போதுமா?

போதாது. சிப் சில மைக்ரோஆம்பியரில் உறங்கினாலும், போர்டில் இருக்கும் பவர் எல்இடி, ரெகுலேட்டர், யூஎஸ்பி சீரியல் சிப் ஆகியவை உறங்குவதில்லை. எல்இடி மட்டுமே மில்லிஆம்பியர் கணக்கில் இழுக்கும். டீபக்கரைக் கழற்றிவிட்டே அளந்து பாருங்கள், இணைத்திருந்தால் கோரின் டீபக் பகுதி விழித்திருக்கும், அளவு தப்பாக வரும். ஆர்பி2040 இந்த வேலைக்கு ஏற்றதல்ல. நார்டிக் அல்லது எஸ்டியின் எல் வரிசையைப் பாருங்கள்.

நானே பிசிபி (சர்க்யூட் போர்டு) செய்யலாமா? எதைக் கவனிக்க வேண்டும்?

தாராளமாக. வடிவமைக்க கிகாட் மென்பொருள் போதும். எல்கியூஎஃப்பி-48 வடிவில் கால்கள் வெளியே தெரியும், இடைவெளி 0.5 மில்லிமீட்டர். ஃபிளக்ஸ் தாராளமாகப் போட்டு இழுத்தால் சாதாரண சோல்டரிங் அயர்னிலேயே கையால் வைக்கலாம். கியூஎஃப்என் வடிவுக்கு அடியில் தளம் இருப்பதால் சூடான காற்று வேண்டும். பிஜிஏ (அடியில் சோல்டர் உருண்டைகள் உள்ள வடிவம்) பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

விடிடி (மின்சாரம் உள்ளே வரும்) பின் ஒவ்வொன்றுக்கும் 100 நானோஃபாரட் கெபாசிட்டர், பின்னுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில். பூட்0 பின்னைக் காற்றில் விடாமல் கீழே இழுங்கள், மேலே இழுக்க ஒரு சோதனைப் புள்ளியும் விடுங்கள். எஸ்டபிள்யூடியின் இரண்டு கோடு, ரீசெட், கிரவுண்டு, 3.3 வோல்ட் ஐந்தையும் வெளியே எடுங்கள். கனெக்டருக்கு இடமில்லை என்றால் 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் ஐந்து துளை போதும், சோல்டர் செய்யாமலே பின் ஹெடரைச் சாய்த்துப் பிடித்து நிரல் ஏற்றலாம். அந்த இரண்டு எஸ்டபிள்யூடி பின்களிலும் எல்இடியோ பட்டனோ வைக்காதீர்கள், பின் எவ்வளவு தட்டுப்பாடானாலும் சரி. தட்டுப்பாடு என்றால் அதிகக் கால்கள் உள்ள சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.